பேண்ட் வரவில்லை என்றால் என்ன எழுதுவது?

ஊட்டியில் ஒரு கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பம் எடுக்கிறேன். இளநிலை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தும் செய்முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, உணவுப் பொருளில் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) வைத்துப் பார்ப்பது. தேடும் துண்டு இருந்தால் கடைசியில் ஜெல்லில் ஒரு கோடு தெரியும், அதைத்தான் பேண்ட் என்கிறோம். மற்ற செய்முறைகளில் விடை எனக்கு முன்பே தெரியும். இதில் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் கொண்டுவரும் பொருளில் என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. அதனால் இதில் கவனம் கூடுதலாக வேண்டும். இந்த உயரத்தில், இந்தக் குளிரில் இதை நடத்திப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

என் வகுப்பில் நிறையப் பேர் காய்கறி போடும் குடும்பத்துப் பிள்ளைகள். கேத்தி, நஞ்சநாடு, கட்டபெட்டு பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) வருகிறவர்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். முதல் வகுப்பில் "உங்களுக்குத் தெரிந்து மரபணு மாற்றப்பட்ட காய், பழம் எது?" என்று கேட்பேன். பட்டியல் மளமளவென்று வரும். கேரட், முட்டைகோஸ், விதையில்லாத திராட்சை, ரெட் லேடி பப்பாளி, போட் ஹவுஸ் பக்கம் மசாலா தடவி விற்கும் ஸ்வீட் கார்ன். இவற்றில் ஒன்றுகூட மரபணு மாற்றப்பட்டது கிடையாது. கேரட்டும் கோஸும் ஹைப்ரிட் விதை, அதாவது இரண்டு ரகங்களை மகரந்தம் மாற்றிக் கலப்பு செய்தது. ரெட் லேடி தைவானில் உருவான ஹைப்ரிட். ஸ்வீட் கார்ன் இனிப்பது இயற்கையாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தால். மரபணு மாற்றிய பப்பாளி என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. வளையப்புள்ளி வைரஸைத் தாங்குவதற்காக ஹவாயில் 1998 முதல் பயிரிடப்படும் ரெயின்போ என்ற ரகம் அது. நம் ஊர்க் கடையில் கிடைப்பது அது இல்லை.

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்க்காமல் பிப்பெட்டைக் கையில் கொடுத்தால், பிள்ளைகள் ஒரு முடிவோடு உட்கார்ந்து அதற்கு ஆதாரம் தேடுவார்கள். அதனால் ஒரு முழு வகுப்பையும் நாட்டு நிலவரத்துக்கே ஒதுக்குகிறேன். இந்தியாவில் விவசாயிகள் அனுமதியோடு பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான். 2002-இல் வந்தது. பி.டி. கத்தரிக்கு (புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியா மரபணுவைச் சேர்த்தது, பருத்தியும் அப்படித்தான்) 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு சம்மதித்தது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. பக்கத்தில் வங்கதேசத்தில் அது 2014 முதல் வயலில் இருக்கிறது. கடுகுக்கு 2022 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள்.

அப்படியென்றால் நம் தட்டுக்கு எந்த வழியில் வரலாம்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே பிடித்துவிடுவார்கள். அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் சோயா எண்ணெய், நம் பி.டி. பருத்தியின் கொட்டையிலிருந்து எடுக்கும் பருத்திவிதை எண்ணெய், 2021-இல் தீவனத்துக்காக இறக்குமதி செய்ய அனுமதித்த 12 லட்சம் டன் சோயாப் பிண்ணாக்கு, வெளிநாட்டுப் பாக்கெட் தின்பண்டங்கள். உணவுப் பயிர்கள் 24-க்கு, "மரபணு மாற்றமில்லாதது" என்ற சான்றிதழோடுதான் சரக்கு உள்ளே வர வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 மார்ச் முதல் கேட்கிறது. தற்செயலாகக் கலந்தால் 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் 0.9 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் போட வேண்டும். இதையெல்லாம் சோதித்துச் சொல்வதற்கு நாட்டில் ஆள் வேண்டும். என் பிள்ளைகளில் சிலராவது அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

சோதனையின் அடிப்படை எளிது. ஒரு புது மரபணுவைப் பயிருக்குள் வைக்கும்போது, அது வேலை செய்ய முன்னால் ஒரு தொடக்கத் துண்டும் பின்னால் ஒரு முடிவுத் துண்டும் சேர்க்க வேண்டும். மிகப் பரவலாகப் பயன்பட்ட தொடக்கத் துண்டு, காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த 35 எஸ். முடிவுத் துண்டு, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நாஸ். உள்ளே வைத்த மரபணு எதுவாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். உணவிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இந்தத் துண்டுகளுக்கான பிரைமர் (எதைப் பெருக்க வேண்டும் என்று அடையாளம் காட்டும் சிறு டி.என்.ஏ.) போட்டு பி.சி.ஆரில் பெருக்கி, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், துண்டுகள் நீளவாரியாகப் பிரிந்து சுமார் 200 எழுத்து (பேஸ் ஜோடி) அளவில் பேண்ட் தெரியும். கூடவே எல்லாச் செடியிலும் இருக்கும் ஒரு பசுங்கணிக மரபணுவுக்கும் பிரைமர் போடுகிறோம். அது 455 அளவில் வரும். இந்த இரண்டாவது பேண்டைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மலைச் சமாச்சாரம்.

புத்தகத்தில் உள்ள முறை எல்லாம் சமவெளியில் எழுதியது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2240 மீட்டர். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். ஆனால் "95 டிகிரி கொதிநீரில் 5 நிமிடம்" என்று செய்முறைத் தாளில் பார்க்கும்போது அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆகவே நூறு என்று எழுதிவிடுவார்கள். முதலில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்வேன். 92-ஐத் தாண்டி முள் நகராததைப் பார்த்தபின் அவர்கள் தாளில் உள்ள எந்த எண்ணையும் சும்மா நம்புவதில்லை. எங்கள் தீர்வு: கொதிநீரிலேயே 10 நிமிடம் வைப்பது. டி.என்.ஏ. நன்றாகவே வருகிறது.

உலர் வெப்பக் கட்டை இருந்தால் 95 வைக்கலாம். ஆனால் நேரம் முடிந்ததும் டியூப் மூடியை உடனே திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் திரவம் நம் ஊர்க் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. மூடி திறந்த கணமே பொங்கி வெளியே தெறிக்கும். தெறிப்பது டி.என்.ஏ. அது பக்கத்து டியூபில் விழுந்தால் அன்றைய சோதனை போயிற்று. ஐஸில் இரண்டு நிமிடம் வைத்து, ஒரு சுற்று சென்ட்ரிபியூஜ் ஓட்டி, அப்புறம் திறக்க வேண்டும். பி.சி.ஆர். டியூபுக்கும் இதே கதைதான். மூடி கொஞ்சம் லூசாக இருந்தால் 94 டிகிரியில் உள்ளே உள்ள 50 மைக்ரோலிட்டரும் கொதித்துக் காய்ந்துவிடும். ஒவ்வொரு மூடியையும் கட்டைவிரலால் அழுத்தி, 'டிக்' என்ற சத்தம் கேட்டதா என்று பக்கத்தில் உள்ளவர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வக வழக்கம்.

ஆட்டோகிளேவும் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் பாத்திரம்) அப்படித்தான். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி என்பது கடல்மட்டக் கணக்கு. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் முள் 15-இல் நிற்கும்போது உள்ளே சூடு 121-க்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அழுத்தத்தை ஏற்றப் போகாதீர்கள், பாத்திரத்தின் பாதுகாப்பு எல்லை என்று ஒன்று இருக்கிறது. நேரத்தைக் கூட்டி வைப்பதே நல்லது.

குளிர் இன்னொரு பக்கம் படுத்தும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் ஆய்வகத்தைத் திறந்தால், இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிக்க உதவும் சி.டி.ஏ.பி. பஃபர் பாட்டிலின் அடியில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். 15 டிகிரிக்குக் கீழே போனால் அந்த உப்பு கரைசலில் நிற்காது. பிள்ளைகள் மேலே தெளிவாக இருப்பதை மட்டும் எடுத்து ஊற்றிவிடுவார்கள். அதில் மருந்தே இருக்காது. பாட்டிலை 60 டிகிரித் தண்ணீரில் வைத்து, முழுக்கத் தெளிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று தாளில் இருக்கும் இடத்தில் எல்லாம் நான் பேனாவால் அடித்து எண்ணை எழுதிவிடுகிறேன். சென்னையின் அறையும் எங்கள் அறையும் ஒன்றில்லை.

ஜெல் ஊற்றுவதிலும் இதே தொல்லை. 200-ம் 455-ம் நன்றாகப் பிரிய 3 சதவீத அகரோஸ் வேண்டும். கெட்டியான ஜெல். அதைக் கரைப்பதற்கே இங்கே கூடுதல் நேரம் ஆகும். கரைந்தபின் "கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடவும்" என்பார்கள். குளிர்ந்த அறையில் ஆறவிட்டால் குடுவையின் ஓரத்தில் முதலில் கட்டியாகி, ஊற்றும்போது திரளை திரளையாக விழும். அந்தத் திரளைக்குள் பேண்ட் வளைந்து நெளிந்து ஓடும். குடுவையை 60 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்து, ஜெல் தட்டையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி ஊற்றினால் கண்ணாடி மாதிரி அமையும். மழைக்காலத்தில் கரண்ட் போகும், சொல்ல வேண்டியதில்லை. பி.சி.ஆர். 40 சுற்று (ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிக்கும்) ஓட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள்.

சரி, ஒப்பீட்டு மாதிரிக்கு வருகிறேன். மரபணு மாற்றம் உறுதியாக உள்ள பொருள் ஒன்று, உறுதியாக இல்லாத பொருள் ஒன்று, இரண்டும் கையில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. கம்பெனி கிட்டில் இரண்டும் வரும், விலைதான் கட்டுப்படியாகாது. எங்களுக்குக் கைகொடுத்தது பருத்தி. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு விதைக் கடையில் வாங்கிய பி.டி. பருத்தி பாக்கெட். பழைய முறையில் 450 கிராம் பி.டி. விதையோடு, புழுவுக்கு எதிர்ப்பு வராமல் இருக்க ஓரத்தில் விதைப்பதற்காக 120 கிராம் சாதா விதையும் தனிப் பொட்டலமாகக் கூடவே வரும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் ஒரே பையில்! அதே செடி, அதே வயது, ஒன்றில் மரபணு இருக்கிறது, ஒன்றில் இல்லை. பாடம் நடத்த இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. இப்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்தே விற்கிறார்கள். அதனால் பல நாற்றுகளைத் தனித்தனியாகச் சோதித்து, எது எது என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இலைச்சாற்றில் ஒரு காகிதப் பட்டையை (ஸ்ட்ரிப்) வைக்கும் பட்டைச் சோதனை போதும். நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே கிட் உருவாக்கியிருக்கிறது. சில நிமிடத்தில் ஒரு கோடா இரண்டு கோடா என்று தெரிந்துவிடும்.

விதை சாயம் பூசி மருந்து ஏற்றியது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஊட்டிக் குளிரில் பருத்தி முளைக்காது, இன்குபேட்டரில் 30 டிகிரியில் வைத்தால் சில நாளில் முளை விடும். இளம் இலையையே எடுக்க வேண்டும். முற்றிய பருத்தி இலையில் டி.என்.ஏ. பழுப்பாகி வரும், அதில் பி.சி.ஆர். ஓடாது. மிஞ்சிய நாற்றை வெளியே வீசாமல் ஆட்டோகிளேவ் செய்துவிடுகிறோம்.

டி.என்.ஏ. எடுக்க, பிள்ளைகளுக்கு மிக எளிய முறையையே கொடுக்கிறேன். சிப்ஸோ சோளமோ ஒரு கிராம், அதற்கு 5 மில்லி சுத்த நீர் விட்டுக் கூழாக அரைத்து, அதில் 50 மைக்ரோலிட்டரை எடுத்து, 500 மைக்ரோலிட்டர் செலெக்ஸ் மணிகள் மிதக்கும் கரைசலில் விட்டு, முன்னால் சொன்ன கொதிநீரில் வைக்க வேண்டும். டி.என்.ஏ.வை வெட்டித் தள்ளும் நொதிகளுக்கு மெக்னீசியம் தேவை. செலெக்ஸ் மணிகள் அந்த மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி.சி.ஆர். நொதிக்கும் மெக்னீசியம்தான் உயிர். மேல் தெளிவை எடுக்கும்போது இரண்டு மணி கூடவே வந்துவிட்டால் அங்கேயும் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றும் பெருகாது. பிப்பெட் டிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே பொடி மணி மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள் என்பேன். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி தோல்வி குறைந்துவிடும்.

கலப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஒரு துண்டு டி.என்.ஏ. 40 சுற்றில் கணக்குப்படி ஒரு லட்சம் கோடியைத் தாண்டிப் பெருகும். முந்தின வாரம் பெருக்கிய டி.என்.ஏ.வின் ஒரு துளி மேசையில் இருந்தாலும் இந்த வாரம் எல்லா டியூபிலும் பேண்ட் வரும். அதனால் டி.என்.ஏ. எடுப்பது ஒரு அறை, ஜெல் ஓட்டுவது வேறு அறை. ஜெல் அறைக்குப் போன கோட்டும் பிப்பெட்டும் திரும்பி வரக் கூடாது. முதலில் மாற்றமில்லாத மாதிரி, பிறகு தெரியாத மாதிரி, கடைசியில் பி.டி. பருத்தி என்ற வரிசையை மாற்றக் கூடாது. உரலில் அரைப்பதை விட்டுவிட்டோம். புது ஜிப் கவரில் போட்டு வெளியிலிருந்து பாட்டிலால் உருட்டி நசுக்குவது சுத்தமாக இருக்கிறது. மேசையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்கிறோம். டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் நீர் விட்ட ஒரு டியூபும் கூடவே ஓட வேண்டும். அதில் பேண்ட் வந்தால் அன்றைய ஜெல்லில் மற்ற எதையும் படிக்காமல் தூக்கிப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். நூறுக்குக் கீழே மங்கலாக ஒரு திட்டு தெரிந்தால் அது பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. அதையும் பேண்ட் என்று எண்ணிவிடுவார்கள்.

கேரட்டும் உருளையும் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாஸ் துண்டு மண் பாக்டீரியாவில் இருந்து வந்தது என்றேன் அல்லவா? மண்ணோடு அரைத்தால் அந்த பாக்டீரியாவே பேண்ட் கொடுக்கலாம். கழுவி, தோல் சீவி, உள் சதையை மட்டும் எடுக்க வேண்டும்.

ஒரு வருடம், எஸ்டேட் லைனில் இருந்து வரும் மாணவி ஒருத்தி பச்சைத் தேயிலை கொண்டுவந்தாள். "எங்க தோட்டத்துக் கொழுந்து, மேடம். இதுல மாத்தியிருக்காங்களான்னு பாக்கலாமா?" என்றாள். ஜெல்லில் அவளுடைய வரிசை முழுக்கக் காலி. 35 எஸ் இல்லை, நாஸ் இல்லை. சந்தோஷமாக "மரபணு மாற்றம் இல்லை" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டாள். 455-ஐப் பார்க்கச் சொன்னேன். அதுவும் இல்லை. தேயிலை ஒரு செடி, அதில் செடி மரபணு இல்லாமல் போகுமா? கொஞ்ச நேரம் ஜெல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பி.சி.ஆரே ஓடலையா, மேடம்?" என்றாள். அதுதான் விஷயம். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் டி.என்.ஏ.வோடு சேர்ந்து வந்து நொதியை முடக்கிவிடுகின்றன. எடுத்த டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீரில் கலந்து மறுபடி ஓட்டினாள். 455 பளிச்சென்று வந்தது, 200 வரவில்லை. எழுதிய வாக்கியம் பழையதேதான், ஆனால் இப்போது அதை எழுத அவளுக்கு உரிமை வந்துவிட்டது. முன்பு எழுதியது ஓடாத சோதனையின் மேல் எழுதியது. செடிப் பேண்ட் இல்லாத வரிசைக்கு "முடிவு இல்லை" என்று மட்டுமே எழுத வேண்டும் என்பதை அந்த வகுப்பில் யாரும் மறக்கவில்லை.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு காலிஃபிளவர்.

காய்கறி விவசாயி ஒருவரின் மகன் தன் தோட்டத்துக் காலிஃபிளவர் இலையைக் கொண்டுவந்திருந்தான். நரம்பை ஒட்டி வெளிறி, அங்கங்கே மஞ்சள் பாய்ந்த இலை. ஜெல்லில் அவன் வரிசையில் 455-ம் வந்தது, 35 எஸ் பேண்டும் வந்தது. நீர் டியூப் சுத்தம். பருத்தி இரண்டும் சரியாக வந்திருந்தன. சோதனையில் குற்றம் சொல்ல இடமில்லை. வகுப்பில் ஒரே பரபரப்பு. இரண்டு பேர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். அவன் முகம் வெளிறிவிட்டது. "மேடம், எங்க அப்பா பூராவும் இதுதான் போட்டிருக்கார். மேட்டுப்பாளையம் மண்டியில தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க" என்றான்.

போன்களை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அவன் இலையை எல்லாருக்கும் காட்டினேன். 35 எஸ் எதிலிருந்து எடுத்தது? பெயரிலேயே இருக்கிறது, காலிஃபிளவர் மொசைக் வைரஸ். அந்த வைரஸ் அசுவினி மூலமாகக் காலிஃபிளவர், கோஸ், முள்ளங்கி, கடுகுக் குடும்பத்துச் செடிகளில் பரவுவது. வைரஸ் பிடித்த செடியை அரைத்தால் வைரஸின் டி.என்.ஏ.வும் கூடவே வரும், 35 எஸ் பேண்டும் வரும். யாரும் எந்த மரபணுவையும் உள்ளே வைக்கவில்லை. இது யூகம், இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். நாஸ் பாருங்கள் என்றாள் ஒருத்தி. பார்த்தோம், இல்லை. அது மட்டும் போதாது, ஏனென்றால் நாஸ் இல்லாத மரபணு மாற்றப் பயிரும் உண்டு. வைரஸின் வேறு ஒரு மரபணுவுக்குப் பிரைமர் போட்டால்? பயிருக்குள் வைப்பது 35 எஸ் துண்டை மட்டும்தான், வைரஸின் மற்ற மரபணுக்கள் அதில் இருக்காது. அந்தப் பிரைமரை ஆர்டர் செய்து வரவழைத்து ஓட்டினோம். பேண்ட் வந்தது. அது வைரஸ்தான்.

அந்தப் பிரைமர் வந்து சேரும்வரை முதல் ஜெல்லின் படம் என் மேசை டிராயரில் இருந்தது. நான் இந்த வேலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் மிக முக்கியமானது இது என்று நம்புகிறேன். பாதி முடிந்த சோதனையின் படம் வாட்ஸ்அப்பில் போனால், அன்று சாயங்காலமே ஒரு குடும்பத்தின் சரக்கு மண்டியில் தேங்கும். இரண்டு வாரம் கழித்து "அது வைரஸ்" என்று எத்தனை பேருக்குச் சொன்னாலும் போய்ச் சேராது. எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஜெல் அறைக்குள் போன் கிடையாது. மாதிரிக்கு ஊர், தோட்டம், கடை, பிராண்ட் எதையும் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். எந்த எண் எதற்கு என்ற நோட்டு ஆசிரியரிடம் இருக்கும். 35 எஸ் பேண்ட் வந்த எதையும் இரண்டாவது வழியில் உறுதி செய்யாமல் வெளியே சொல்வதில்லை. அந்தப் பையனின் அப்பாவுக்கும் இதனால் ஒரு பயன் கிடைத்தது. நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அழித்து, அசுவினியைக் கட்டுப்படுத்தி, வரப்பில் தானாக முளைத்திருந்த கடுகையும் முள்ளங்கியையும் எடுத்துவிட்டார்.

எதிர்ப்பக்கமும் அதே அளவு கவனம் வேண்டும். பேண்ட் இல்லை என்றால் மரபணு மாற்றம் இல்லை என்று ஆகிவிடாது. பருத்திவிதை எண்ணெயையும் சோயா எண்ணெயையும் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். சுத்திகரித்த எண்ணெயில் சோதிக்கிற அளவுக்கு டி.என்.ஏ. மிஞ்சுவதில்லை. சர்க்கரையும் அப்படித்தான். மரபணு மாற்றிய செடியிலிருந்தே வந்திருந்தாலும் ஜெல் காலியாகத்தான் இருக்கும், செடிப் பேண்டும் வராது. ஆழ எண்ணெயில் பொரித்த சிப்ஸில் டி.என்.ஏ. பொடிப்பொடியாக உடைந்திருக்கும். 455 நீளமான துண்டு என்பதால் முதலில் போவது அதுதான். இப்படிப்பட்ட பொருளுக்குச் சிறிய துண்டைப் பெருக்கும் செடி பிரைமர் ஒன்று தனியாக வைத்திருப்பது நல்லது. மீல் மேக்கருக்கு சோயாவின் லெக்டின் மரபணுவையும் சோளத்துக்கு அதன் சீன் (zein) மரபணுவையும் பார்க்கிறோம்.

அப்புறம், 35 எஸ்-ம் நாஸ்-ம் இல்லாமலே உருவாக்கிய மரபணு மாற்ற சோயா ரகம் உலகச் சந்தையில் இருக்கிறது. எங்கள் பிரைமர் இரண்டும் அதைக் கண்டுபிடிக்காது. மரபணுத் திருத்தம் செய்த பயிர்கள் இன்னும் ஒரு படி மேலே. வெளி மரபணு எதுவும் சேர்க்காமல் உள்ளதையே ஓரிரு எழுத்து மாற்றுவது அது. அப்படிப்பட்டவற்றுக்கு 2022-இல் இந்தியா பழைய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு கொடுத்தது. 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். அந்த அரிசியை எங்கள் ஆய்வகத்தில் ஓட்டினால் சாதா அரிசி மாதிரியே தெரியும். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கொஞ்சம் சோர்ந்துபோவார்கள். "அப்ப எதுக்கு மேடம் இவ்வளவு கஷ்டப்படணும்?" என்று ஒருவன் நேராகவே கேட்டான். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் ஜெல் பதில் சொல்லும், என்ன கேட்டோம் என்று தெரிந்தவனால்தான் பதிலைப் படிக்க முடியும் என்றேன். அவன் இப்போது கோவையில் ஒரு உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான்.

அதனால் இப்போதெல்லாம் ரெக்கார்டு நோட்டில் "மரபணு மாற்றம் உள்ளது", "இல்லை" என்ற சொற்களுக்கு நான் இடமே கொடுப்பதில்லை. முதல் வரி, செடி டி.என்.ஏ. வந்ததா. வரவில்லை என்றால் அதற்குக் கீழே எதுவும் எழுதக் கூடாது, காரணம் தேட வேண்டும். வந்திருந்தால், 35 எஸ் கண்டறியப்பட்டதா, நாஸ் கண்டறியப்பட்டதா என்று தனித்தனியாக. பிறகு, இந்த முறையால் பார்க்க முடியாதது என்ன என்று குறைந்தது ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்குத்தான் மதிப்பெண் அதிகம் வைத்திருக்கிறேன். முதலில் பிள்ளைகள் அதை வெறும் சடங்காக எழுதுவார்கள். தன் வீட்டுக் காய் ஒன்று ஜெல்லில் ஓடிய பிறகு எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: முதல் வருடமே கடைப் பொருளுக்குப் போகாதீர்கள். பருத்தி ஜோடியை மட்டும் வைத்து, எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி சரியாக வரும்வரை ஓட்டுங்கள். பி.சி.ஆர். இயந்திரம் இல்லாத பள்ளிகளில் பருத்தி இலையும் பட்டைச் சோதனையும் போதும், ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். பட்டை புரதத்தைப் பார்ப்பது, வெந்த பொருளில் வேலை செய்யாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெல்லுக்கு எத்திடியம் புரோமைடு வேண்டாம், நீல ஒளியில் தெரியும் பாதுகாப்பான சாயம் வந்துவிட்டது. பிரைமர் விலை அதிகமில்லை, பக்கத்துக் கல்லூரியோடு பங்கு போட்டு வாங்கலாம். பருத்தி விதையை மட்டும் ஆவணி, புரட்டாசி விதைப்புச் சீசனிலேயே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சீசன் முடிந்தபின் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.